வளராத புள்ளிகள்

நன்றாக வளர்வதற்கு எங்கள் தொழிலில் மதிப்பு கிடையாது. வளராமல் சுருண்டு கிடப்பதைத்தான் தேடிப் பிடிப்போம்.

செம்பூர் பக்கம் ஓர் ஆராய்ச்சிக்கூடம். பெயர் வேண்டாம். அதில் தொழில்நுட்ப அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றேன். வீட்டில் உட்கார முடியவில்லை. காண்டிராக்டில் திரும்பி வந்தேன். இங்கேயும் உட்கார முடியவில்லை. பஸ்ஸுக்கும், லிஃப்டுக்கும், டாக்டர் வாசலிலும், வெளிநாட்டுப் பிள்ளையின் போனுக்கும் காத்திருந்து நொந்தவர்கள் இதைப் படிக்கலாம். நாமெல்லாம் ஒரே கட்சி. பொறுமைசாலிகள் பக்கத்தைப் புரட்டிக்கொள்ளலாம்.

காபிக் கடைக் கேள்வி

ஞாயிற்றுக்கிழமை காலையில் கிங்ஸ் சர்க்கிள் காபிக் கடையில் தனி மேஜை கிடைக்காது. எதிரே யாராவது வந்து உட்காருவார்கள். அன்று உட்கார்ந்தவர் பாங்கிலிருந்து ரிடையரானவர். இட்லி வருவதற்குள் என் ஊர், கட்டடம், பிள்ளைகள் எல்லாம் கேட்டு முடித்துவிட்டார். வேலை ஒன்றுதான் பாக்கி.

ஈஸ்ட் என்றேன். ரொட்டியை உப்பவைக்குமே, அதே ஈஸ்ட். ஒரே ஒரு செல்தான் அதன் மொத்த உடம்பு. அதற்குள் ஆறாயிரம் சொச்சம் மரபணுக்கள். சமையலில் உப்பு மாதிரி, ஒவ்வொன்றுக்கும் ஓர் அளவு உண்டு. நாங்கள் ஏதாவது ஒரு மரபணுவை மட்டும் பிடித்து அளவுக்கு மீறி வேலை செய்யவைப்போம். பெரும்பாலும் செல் கண்டுகொள்ளாது, தன்பாட்டுக்குப் பெருகும். சில மரபணுக்கள் மிஞ்சினால் மட்டும் திணறும், வளர்ச்சி குறையும். அந்தச் சிலவற்றைப் பொறுக்குவதுதான் வேலை. நம் உடம்பிலும் அதே சாயலில் மரபணுக்கள் உண்டு, அங்கே மிஞ்சினால் என்ன ஆகும் என்பதற்கு இது துப்பு. இதைச் சொல்லி முடிப்பதற்குள் இட்லி வந்துவிட்டது.

அவர் சாம்பாரை ஊற்றிக்கொண்டே யோசித்தார். பிறகு சொன்னார்: "நன்னா வளர்ந்துண்டிருக்கறதைப் பிடிச்சு, எங்கே கை வெச்சா வளராதுன்னு பாக்கணும். அதுக்கு மாசச் சம்பளம். இதைத்தானே சார் எங்க ரீஜனல் மேனேஜரும் பண்ணிண்டிருந்தார்."

மலிவுச் சர்க்கரை

ஷமீமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த ஆராய்ச்சி அவளுடையது. நான் கூடமாட இருப்பவன். அவள் அப்பா தாராவியில் தோல் பை பட்டறை வைத்திருக்கிறார். பூர்வீகம் தென்காசிப் பக்கம். இவள் டாக்டர் பட்டம் வாங்கி, கல்யாணமாகி, நெருளில் இருக்கிறாள். ஒரு பெண் குழந்தை. வாய் ஜாஸ்தி. அவளுடைய ஃபெலோஷிப் மழைக்காலத்தோடு முடிகிறது. அதற்குள் ஆண்டுக் கமிட்டி முன்னால் நின்று, இதுவரை யாரும் சொல்லாத ஒரு மரபணுவையாவது, இது மிஞ்சினால் செல் திணறுகிறது என்று நிரூபித்துக் காட்ட வேண்டும். காட்டினால் நீட்டிப்பு. இல்லையென்றால் மேஜையைக் காலி செய்ய வேண்டியதுதான்.

நாங்கள் ஈஸ்டுக்குள் நுழைக்கும் மரபணுவுக்கு ஸ்விட்ச், சர்க்கரை. குளுக்கோஸ் கொடுத்தால் அது தூங்கும். காலக்டோஸ் கொடுத்தால் எழுந்து ஓயாமல் வேலை செய்யும். ஆகவே ஒவ்வொரு வகை ஈஸ்டையும் இரண்டு தட்டில் பொட்டு வைப்போம். குளுக்கோஸ் தட்டில் வளர்ந்து, காலக்டோஸ் தட்டில் சுணங்கினால் ஆள் அகப்பட்டான். கோடையில் புது டப்பா காலக்டோஸ் வந்தது. ஒருத்தனும் அகப்படவில்லை. சுணங்கும் என்று ஏற்கெனவே தெரிந்த வகைகள்கூடக் கொழுகொழுவென்று வளர்ந்தன. ஈஸ்டைச் சந்தேகப்பட்டோம். தட்டைச் சந்தேகப்பட்டோம். ஒருவரை ஒருவர் சந்தேகப்பட்டோம். கடைசியில்தான் டப்பாவைச் சந்தேகப்பட்டோம். டெண்டரில் இருப்பதிலேயே மலிவாகப் பார்த்து எடுத்த சரக்கு. காலக்டோஸில் குளுக்கோஸ் கலந்திருந்தது. துளி குளுக்கோஸ் இருந்தாலும் போதும், மரபணு தூக்கத்திலிருந்து எழாது.

டப்பாவைத் தூக்கிக்கொண்டு பர்ச்சேஸ் செக்‌ஷனுக்குப் போய்க் கத்தினேன். அங்கே இருந்தவர் சாந்தமான மனிதர். மூடியைத் திறந்து பார்த்தார். மோந்து பார்த்தார். மூடினார். "சக்கரைன்னு எழுதிக் கேட்டீங்க, சக்கரை வந்திருக்கு. இனிக்கலேன்னு எழுதிக் குடுங்க, மாத்தித் தர்றேன்."

பக்கத்து ரூம்

எழுதிக் கொடுக்கவில்லை. ஷமீமா வேறொரு லேபில் கெஞ்சிக் கூத்தாடி நல்ல காலக்டோஸ் வாங்கி வந்தாள். ஈஸ்டின் சாப்பாட்டைக் காய்ச்சித் தட்டு ஊற்றுவதும் பாத்திரம் கழுவுவதும் பாண்டி. தாராவியில் பிறந்து வளர்ந்தவன், திருநெல்வேலியைக் கல்யாண வீட்டுக்கு மட்டும் பார்த்தவன். பேச்சு மட்டும் நேற்று ரயிலை விட்டு இறங்கியவன் மாதிரி இருக்கும். எனக்கும் அவனுக்கும் ஏறக்குறைய ஒரே வயதில் முட்டி வலி.

புதுத் தட்டில் வரிசை வரிசையாகப் பொட்டுகள். அதில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிடப் பருத்து நின்றது. எனக்குப் பரபரப்பு. மெதுவாக்கும் மரபணுவைத் தேடப்போய், வேகமாக்கும் மரபணு சிக்கிவிட்டது என்றேன். இதையே பிடிப்போம், காத்திருக்கும் வேலை மிச்சம். ஷமீமா தட்டை என் மூக்கருகே கொண்டுவந்து பருத்த பொட்டுக்கு அடுத்த இடத்தைக் காட்டினாள். அங்கே வளர்ந்தேனா இல்லையா என்று ஊசிமுனை அளவுக்கு ஏதோ கிடந்தது. அதன் பங்குச் சாப்பாட்டையும் சேர்த்து இது தின்றிருக்கிறது. அவ்வளவுதான் வேகம். தட்டின் ஓரத்தில் இருப்பவையும் இப்படித்தான் கொழுக்கும், ஒரு பக்கம் ஆளே இல்லையே.

பாண்டி எட்டிப் பார்த்தான். "இதுல என்ன சார் அதிசயம். பக்கத்து ரூம்காரன் ஊருக்குப் போயிட்டாம்னா எங்க சித்தப்பா அன்னைக்கே அவன் வாசல்ல தண்ணி டிரம்மைக் கொண்டு வச்சிருவாரு."

பேடா

முதல் ஆள் ஜூலை மழை ஆரம்பித்தபோது அகப்பட்டான். குளுக்கோஸில் அருமையாக வளர்ந்தான். காலக்டோஸில் ஒன்றுமே இல்லை, தட்டு காலி. தேடிப் பார்த்தோம், இந்த மரபணுவைப் பற்றி யாரும் எழுதவில்லை. இன்னும் ஒரே ஒரு சோதனை பாக்கி இருக்கிறது என்றாள் ஷமீமா. அதெல்லாம் பிறகு பார்க்கலாம், முதலில் டைரக்டரிடம் சொல் என்று நான்தான் விரட்டினேன். சொன்னாள். பேடா கொடுத்தாள். டைரக்டர் மத்தியானத்துக்குள் நாலு பேரிடம் சொல்லிவிட்டார்.

பாக்கி இருந்த சோதனை இது. நுழைத்த மரபணுவை அந்த ஈஸ்டிலிருந்து வெளியே எடுத்துவிட வேண்டும். எடுத்தபின் காலக்டோஸில் வளர்ந்தால், திணறவைத்தது மரபணுதான் என்று அர்த்தம். எடுத்தோம். அப்போதும் வளரவில்லை. அந்த ஈஸ்டுக்கு எங்கேயோ எப்போதோ அடிபட்டு, காலக்டோஸைச் சாப்பிடும் திறமையே போயிருந்தது. மரபணு பாவம், ஒன்றும் செய்யவில்லை.

டைரக்டர் அறைக்குப் போய்ச் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொண்டு வந்தாள். மேஜையில் மிச்சமிருந்த பேடா டப்பாவைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "பட்டினி கிடந்து மெலிஞ்சவனைப் பாத்து, யாரோ வெசம் வச்சிட்டாங்கன்னு போலீஸ்ல போயி சொல்லிட்டோமே, சார்."

சனியன்

அடுத்தது வந்தபோது யாரும் பேடா வாங்கவில்லை. அந்த மரபணுவுக்கு முறையான பெயர் உண்டு. எழுத்தும் நம்பரும் கலந்து வண்டி நம்பர் பிளேட் மாதிரி இருக்கும். பாண்டிக்கு வாயில் நுழையவில்லை. இதற்காகத் திரும்பத் திரும்பத் தட்டு ஊற்றிய கடுப்பில் சனியன் என்று பெயர் வைத்தான். அதுவே நிலைத்தது. டைரக்டர்கூட ஒருநாள் வராந்தாவில் நிறுத்தி, சனியன் எப்படி இருக்கிறது என்று ஹிந்தியில் விசாரித்தார்.

சனியன் தட்டு ஒரு மாதிரியாக இருந்தது. காலக்டோஸில் எல்லாம் தூசி தூசியாகச் சின்னப் புள்ளிகள். நல்லது. ஆனால் நடுவே இரண்டு மூன்று மட்டும் உளுந்து மாதிரி பெரிதாக நின்றன. வெளியிலிருந்து ஏதோ கிருமி விழுந்துவிட்டது, கண்டாமினேஷன், தூக்கிப் போடு என்றேன். எனக்கு அரைகுறையாக இருக்கும் எதுவும் ஆகாது. ஷமீமா மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாள். பெரியதும் ஈஸ்ட், சின்னதும் ஈஸ்ட். வித்தியாசம் தெரியவில்லை. ஒரு தட்டில் சரியாக வளராததும் நன்றாக வளர்வதும் சேர்ந்து இருந்தால் கமிட்டி என்ன சொல்லும்? சந்தேகத்துக்குரியது என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிடும்.

அதைத்தான் சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். அவள் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "நாலு பேரு குண்டா இருக்காங்கன்னு மொத்தக் குடும்பத்தையும் குப்பையில போடச் சொல்றீங்க. எங்க வாப்பா உங்களைப் பாத்தா பட்டறையில தோல் கழிக்கிற வேலைக்கு வச்சுக்குவாரு, சார்."

மழை

தட்டில் பார்த்ததைத் திரவத்தில் பார்த்தால்தான் கமிட்டி நம்பும். நாலு குடுவை. இரண்டில் சனியன் நுழைத்த ஈஸ்ட், இரண்டில் எதுவும் நுழைக்காத ஈஸ்ட். காலக்டோஸ் ஊற்றி, ஷேக்கருக்குள் வைக்க வேண்டும். ஷேக்கர் என்பது உள்ளே வெதுவெதுப்பாக இருந்துகொண்டு இடைவிடாமல் ஆடும் பெட்டி. ஈஸ்ட் பெருகப் பெருகத் திரவம் கலங்கும். அவ்வப்போது துளி எடுத்து மீட்டரில் வைத்தால் எத்தனை கலங்கல் என்று நம்பர் வரும். காலையில் ஷமீமா ஊற்றி வைத்தாள். சற்று நேரத்தில் பள்ளிக்கூடத்திலிருந்து போன். மழை வலுக்கிறது, குழந்தையைக் கூட்டிப்போங்கள். மத்தியானம் வந்துவிடுகிறேன் என்று நெருளுக்கு ஓடினாள்.

மத்தியானம் நெருளிலிருந்து வரும் ஹார்பர் லைன் ரயில் நின்றது. என் வீடு இருக்கும் கிங்ஸ் சர்க்கிளில் வழக்கம்போல முழங்கால் தண்ணீர், பஸ்ஸும் இல்லை. வீட்டுக்குப் போன் போட்டேன். கீழ்வீட்டுக்காரர்கள் சாமான்களோடு நம் வீட்டில்தான் இருக்கிறார்கள், நீங்கள் அங்கேயே இருங்கள், வந்தால் எனக்கு இரண்டு வேலை என்று மனைவி வைத்துவிட்டாள். செம்பூரில் மச்சினி வீடு இருந்தது, படுக்கை அங்கே. இரண்டு நாளும் பகல் முழுக்க நானும் நாலு குடுவையும்தான். அந்த ஷேக்கர் ஆடுவதைப் பார்த்துக்கொண்டு எத்தனை நேரம் உட்காருவது? கதவைத் திறந்தேன். துளி எடுத்தேன். மீட்டரில் வைத்தேன். குடுவையையும் நம்பரையும் சேர்த்துப் போனில் படம் பிடித்து ஷமீமாவுக்கு அனுப்பினேன். அரைமணி கழித்து மறுபடி திறந்தேன். பதில் இல்லை. கோபத்தில் இன்னும் அனுப்பினேன். அவள் போன் ஸ்டேஷனில் தண்ணீருக்குள் விழுந்து, வீட்டில் அரிசி டப்பாவுக்குள் புதைந்து கிடப்பது எனக்குத் தெரியாது.

சாயங்காலம் அவள் புருஷன் போனிலிருந்து கூப்பிட்டாள், படத்தைப் பற்றி என்னை வாய் திறக்கவே விடவில்லை. பின்னால் ஷேக்கர் சத்தம் நின்று மறுபடி கேட்டதைக் கண்டுபிடித்துவிட்டாள். "அதச் சும்மா ஆட விடுங்க சார். சாதம் வெந்துருச்சான்னு மூடியத் தூக்கித் தூக்கிப் பாத்தா என்னைக்கு வேகும்?"

அரிசி டப்பா

மூன்றாம் நாள் காலை வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராக ஷேக்கருக்குப் போனாள். நாலு குடுவையும் நீர்மோர் மாதிரி ஒரே கலங்கல். மீட்டரில் வைத்தாள். நாலும் ஏறக்குறைய ஒரே நம்பர். சனியன் யாரையும் மெதுவாக்கவில்லை.

ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். அவள் வாயாடாமல் நான் பார்த்தது அன்றுதான். கமிட்டி மழையால் தள்ளிப்போயிருந்தது, ஆனால் எத்தனை நாள் தள்ளும்? முதல் நாள் இப்படி இல்லையே, சனியன் இரண்டும் மசமசவென்று கிடந்ததே என்றேன். நீங்க கண்ணால பாத்தத நான் கமிட்டிக்குக் காட்ட முடியாது சார் என்றாள். படம் அனுப்பினேனே என்றேன். என்ன படம் என்றாள். என் போன் மச்சினி வீட்டில் சார்ஜில் கிடந்தது.

கைப்பையிலிருந்து டிபன் டப்பா வந்தது. டப்பா நிறைய அரிசி. அரிசிக்குள் போன். குர்லாவில் ரிப்பேருக்குக் கொடுக்க எடுத்து வந்திருந்தாள். சும்மா அழுத்திப் பார்த்தாள், உயிர் வந்தது. பிறகு பாருங்கள், டிங் டிங் டிங் என்று என் படங்கள். பாண்டி கழுவுவதை நிறுத்திவிட்டு வந்து நின்றான். அவள் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனாள். முதல் நாள் முழுக்க வெறும் ஈஸ்ட் ஏறுகிறது, சனியன் படுத்துக் கிடக்கிறது. இரண்டாம் நாள் மத்தியானம் வரை அப்படித்தான். அதற்குப் பிறகு திடீரென்று எழுந்து ஓடியிருக்கிறது.

படுத்துக் கிடந்தவர்களும் ஓடியவர்களும் ஒரே ஆட்களாக இருக்க முடியாது. திணறிக் கிடந்த கூட்டத்தில் யாரோ ஒன்றிரண்டு செல், அந்த மரபணுவைக் கெடுத்து ஒழித்துவிட்டுத் தப்பித்திருக்கிறது. தப்பித்தது தடையில்லாமல் பெருகிக் குடுவையை நிறைத்துவிட்டது. தட்டில் உளுந்து மாதிரி நின்றதும் அதே ஆட்கள்தான். நான் தூக்கிப் போடச் சொன்னவை. அவற்றின் மரபணுவை எழுத்தெழுத்தாகப் படித்துவரக் கொடுத்து அனுப்பினாள். பதில் வருவதற்குள் நான் ஆபீஸ் வாசலுக்கும் லேபுக்கும் நடந்த நடையில் புனேவே போய்ச் சேர்ந்திருக்கலாம். வந்தது. ஒவ்வொன்றிலும் சனியன் எங்கேயாவது ஓரிடத்தில் உடைந்திருந்தது. உடையாத சனியனைப் புது ஈஸ்டுக்குள் நுழைத்தாள். மறுபடி படுத்துக்கொண்டது. காலக்டோஸ் சாப்பிடத் தெரிந்த ஈஸ்டுதான், அதையும் இந்தத் தடவை முதலிலேயே பார்த்துவிட்டாள்.

அன்றைக்குத்தான் அவளுக்கு வாய் திரும்பியது. "வீட்டுல கொடுமை நடக்குதான்னு வீட்டுல இருக்குறவங்ககிட்ட கேட்டா சொல்ல மாட்டாங்க சார். ஓடிப்போனவங்களப் புடிச்சுக் கேக்கணும்."

கமிட்டி

கமிட்டி கூடுவதற்குள் அதே சோதனையை ஒழுங்காகத் திரும்பச் செய்தாள். ஒழுங்காக என்றால், நான் இல்லாமல். அந்த நாட்களில் ஷேக்கர் கதவில் குறுக்கே பிரவுன் டேப் ஒட்டி, அதன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தான் பாண்டி. நான் அந்தப் பக்கம் போனால் அவன் எழுந்து நிற்பான். மரியாதைக்கு இல்லை.

கமிட்டித் தலைவர் டெல்லிக்காரர். நரைத்த புருவம், சுருக்கமான பேச்சு. பார்த்ததும் பிடித்துப்போயிற்று. ஷமீமா திரையில் இரண்டு படம் போட்டாள். மழை நாளில் எடுத்த கோடுகள் ஒன்று, திரும்பச் செய்தது ஒன்று. இரண்டிலும் சனியன் கோடு தரையோடு படுத்து, பிறகு எழுந்து ஓடியது. ஓடியவர்களிடம் மரபணு உடைந்திருந்ததைக் காட்டினாள். தலைவர் தலையை ஆட்டினார். பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். அவரும் ஆட்டினார். எனக்கு நாற்காலியில் உட்கார முடியவில்லை, சொல்லித் தொலையுங்களேன் என்றிருந்தது. நல்ல வேலை, நீட்டிப்புக்கு எழுதுகிறேன் என்று கடைசியில் சொன்னார். ஷமீமா கையிலிருந்த ஸ்கெட்ச் பேனாவின் மூடியைத் திறந்து மூடித் திறந்து மூடினாள். அப்போது தலைவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு முதல் படத்தைத் திரும்பக் காட்டச் சொன்னார்.

இதில் மட்டும் நாலு கோட்டிலும் படிப்படியாக வெட்டு வெட்டாக இருக்கிறதே, அரைமணிக்கு ஒரு தடவை எல்லா ஈஸ்டும் சேர்ந்து கொஞ்சம் நின்று நின்று வளர்கிறது, இரண்டாவது படத்தில் அது இல்லை, இதற்கு எந்த மரபணு காரணம் என்று கேட்டார். கதவைத் திறக்கும்போதெல்லாம் ஷேக்கர் நின்று, உள்ளே இருந்த வெதுவெதுப்பும் போயிருக்கிறது. எனக்கு அது அப்போதுதான் உறைத்தது. அவளுக்கு முன்பே தெரியும் போலிருக்கிறது. சிரிக்காமல் பதில் சொன்னாள். "அது மரபணு இல்லை, சார். கடைசி வரிசையில கதவோரமா உக்காந்திருக்காரே, அவரு."

மெதுவானதைத் தேடும் வேலைக்கு அவசரக்காரனை வைத்தால் ஒன்று வேலை கெடும், இல்லாவிட்டால் அவன் மானம் கெடும் என்று நினைத்திருந்தேன். இரண்டும் கொஞ்சம் கெட்ட பிறகுதான் சனியன் பிடிபட்டது.